வாக்குத்தத்த அட்டையும் ஆட்குறைப்புக் கடிதமும்: இந்தக் கிறிஸ்துமஸை என்ன செய்வது?

ஈசூன்வாசி | டிசம்பர் 11, இரவு 11.52

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். சபையில் கேட்டால் அடுத்த நிமிடமே தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வருட இறுதி ஆராதனையில் எல்லாரும் எடுப்பதுபோல் நானும் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்தேன், வரும் வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்தது. எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இந்த நவம்பரில் கம்பெனியில் கூப்பிட்டு ஆட்குறைப்புக் கடிதத்தைக் கொடுத்தார்கள். எனக்கு வயது 47. தளவாடத் துறை. இந்த வயதில் நேர்முகத்துக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னைவிட இருபது வயது இளையவர்.

அட்டை இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

இப்போது கேரல் குழுவில் இருப்பதால் இந்த 31ஆம் தேதி என்னைச் சாட்சி சொல்ல, அதாவது கடவுள் செய்த நன்மையை எல்லார் முன்னும் சொல்ல, கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக வரும் சாட்சிகள் உங்களுக்கே தெரியும். பதவி உயர்வு, சிங்கப்பூர் வீடமைப்புக் கழக வீடு கிடைத்தது, நிரந்தரவாசம் கிடைத்தது, பையனுக்கு நல்ல பள்ளி. நான் எழுந்து நின்று என்ன சொல்வது? கடவுள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் "நம்பிக்கையின் பண்டிகை" என்று பாடுவது பொய்யா?

ஒரு வேண்டுகோள்: ஆறுதல் வசனப் படங்கள் வேண்டாம். வாட்ஸ்அப்பில் போதுமான அளவு வந்துவிட்டது.

---

பிலிப்பியர்413 | டிசம்பர் 12, காலை 6.10

பிரதர், சோர்ந்துபோகாதீங்க. வாயின் அறிக்கை முக்கியம். "ஏமாந்துபோனேன்" என்று எழுதாதீங்க, சத்துரு அதைத்தான் எதிர்பார்க்கிறான். யோபு இழந்ததை எல்லாம் கர்த்தர் இரட்டிப்பாய்த் திருப்பிக் கொடுத்தார். மார்ச்சுக்குள் இதைவிடப் பெரிய வேலை. விசுவாசியுங்கள்!

---

பொங்கோல்_அக்கா | டிசம்பர் 12, காலை 9.35

யோபுவின் பிள்ளைகள் பத்துப் பேர் செத்தார்கள். கடைசியில் வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆடு மாடு இரட்டிப்பாய் வரலாம். பிள்ளையை "திருப்பிக் கொடுத்தார்" என்று சொல்லாதீர்கள் பிரதர். பிள்ளை இழந்தவர்கள் இதைப் படிப்பார்கள்.

ஈசூன் அண்ணா, உங்களுக்கு அட்டை. எனக்குக் கிறிஸ்துமஸே அப்படித்தான். எங்கள் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை இந்த ஆண்டும் பலிக்கவில்லை. அரசாங்கம் பண உதவி தரும் சுற்றுகளும் தீர்ந்துபோயின. இனிமேல் எல்லாம் கைக்காசு. இந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தாய், ஒரு குழந்தை. வாழ்த்து அட்டையில், மேடை நாடகத்தில், கடைவாசலில். ஞாயிறு பள்ளி நாடகத்துக்குப் பொம்மைக் குழந்தையைத் துணியில் சுற்றித் தரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

போன வாரம் ஒரு ஆண்ட்டி, கேட்காமலேயே என் வயிற்றில் கைவைத்து ஜெபித்தார். வயதான காலத்தில் எலிசபெத்துக்குப் பிள்ளை தந்தவர் உனக்கும் தருவார் என்றார். தரலாம். தராமலும் போகலாம். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வருவதில்லை?

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் | டிசம்பர் 12, பிற்பகல் 3.20

ஈசூன் தம்பி, அந்த அட்டையை அச்சடித்தவர் மீது எனக்கு ரொம்ப நாளாகக் கோபம் உண்டு. பதினோராம் வசனத்தைப் போட்டவர் பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும்.

அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் போன கடிதம். படித்தவர்கள் யார்? பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போனவர்கள். வீடு போயிற்று, ஊர் போயிற்று, அவர்களுடைய ராஜாவும் கூடவே கைதியாகப் போனார். பத்தாம் வசனத்தில் அவர்களிடம் எரேமியா சொல்வது: திரும்பி வர எழுபது வருஷம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்? அதனால்தான் அதே கடிதத்தில் முன்னால் சொல்கிறார்: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள். உங்களைப் பிடித்துக்கொண்டு போன ஊருக்காக ஜெபியுங்கள்! கோபம் வராதா?

முந்திய அதிகாரத்தையும் படியுங்கள். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார். அவர் சொன்ன காலக்கெடு இரண்டே வருஷம். ஜனங்களுக்குப் பிடித்தது அதுதான். எரேமியா அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அப்படி நடக்கப்போவதில்லை என்றும் தெரிந்திருந்தது.

ஆகவே உங்கள் அட்டை பொய் சொல்லவில்லை. பாதி சொன்னது. மார்ச்சுக்குள் வேலை என்று தேதி போட்டுச் சொல்வது எரேமியாவின் குரல் இல்லை, அனனியாவின் குரல். பிலிப்பியர் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

ரேஸ்கோர்ஸ்_ரோடு | டிசம்பர் 12, மாலை 6.44

நான் கிறிஸ்தவன் இல்லை. நண்பர்கள் வீட்டு அச்சுமுறுக்குக்காகக் கிறிஸ்துமஸைக் காத்திருக்கிறவன். தவறாக நினைக்க வேண்டாம், ஒரு கேள்வி.

வாத்தியார் ஐயா சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் எழுபது வருஷம் கழித்து யாருக்கோ கிடைக்கப்போகும் நல்லதில் இந்த அண்ணாவுக்கு என்ன லாபம்? அடுத்த மாதம் வீட்டுக் கடன் கட்ட வேண்டும். "கடவுள் கூடவே இருக்கிறார்" என்று சொல்வீர்கள். நல்ல நண்பனும்தான் கூடவே இருப்பான். அதற்கு மேல் உங்கள் பண்டிகையில் என்ன இருக்கிறது?

---

குடில்காரன் | டிசம்பர் 12, இரவு 10.15

இது நல்ல கேள்வி. கிறிஸ்தவர்களே இதைக் கேட்பதில்லை.

நான் ஆஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிறவன். 1888இல் திறந்த கோவில். இங்கே வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது. எங்கள் திருவழிபாட்டு நாள்காட்டியை முதலில் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

டிசம்பர் 25 வரை எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை, திருவருகைக்காலம்தான். ஊதா நிற உடை. "உன்னதங்களிலே" பாட்டு இல்லை. காத்திருக்கிறோம் என்பதை மறைக்காமல் காட்டும் நான்கு வாரம். ஆனால் ஆர்ச்சர்ட் ரோட்டில் நவம்பரிலேயே விளக்குப் போட்டுவிடுகிறார்கள். 1984இலிருந்து இதுதான் வழக்கம். சுற்றுலாவுக்கு நல்லதுதான், நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் சிங்கப்பூரில் காத்திருக்கும் காலம் என்பதே காணாமல் போய்விட்டது. நேராகக் கொண்டாட்டம். ஏமாற்றத்தில் இருப்பவனுக்கு அங்கே நிற்க இடமில்லை.

பண்டிகைக்கு அப்புறம் என்ன வருகிறது தெரியுமா? மறுநாள், 26ஆம் தேதி, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் திருநாள். 28ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகள் விழா, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளுக்காக. அன்று வாசிக்கும் பகுதியில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள். நற்செய்தியை எழுதிய மத்தேயு அவளைச் சமாதானப்படுத்தவே இல்லை. அந்த அழுகையைக் கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

பொங்கோல் அக்கா, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் அடையாத ஒரு பெண்ணுக்கு நற்செய்தியிலேயே இடம் இருக்கிறது. யாரும் அவளைப் போய்ப் பொம்மையைச் சுற்றித் தரச் சொல்லவில்லை.

ரேஸ்கோர்ஸ் நண்பருக்கு: "கூட இருக்கிறார்" என்பதோடு நின்றுவிட்டால் நீங்கள் சொல்வது சரி, அது வெறும் அனுதாபம். அப்போஸ்தலர் பவுலே இதை எழுதிவிட்டார். இந்த உலக வாழ்வுக்காக மட்டும் கிறிஸ்துவை நம்பினால் எல்லா மனிதரையும்விடப் பரிதாபத்துக்குரியவர்கள் நாங்கள்தான். தொழுவத்தில் பிறந்தவர் செத்தார், உயிர்த்தார். அதனால் சாவே கடைசி வார்த்தை இல்லை. நாங்கள் பந்தயம் கட்டுவது இதன் மேல்தான். வேலை கிடைப்பதன் மேல் இல்லை. நீங்கள் இதை நம்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் நம்பிக்கை என்பது இதுதான். வீட்டுக் கடனுக்கு இது பதில் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

---

துவாஸ்_தூத்துக்குடி | டிசம்பர் 13, இரவு 9.58

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த இழையை ரூமில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து படித்தோம்.

ஆகஸ்டில் எங்க அப்பா இறந்துட்டாங்க. கம்பெனியில் லீவு கிடைத்து, டிக்கெட் போட்டு, நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. இது அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். எங்க ஊர்ல 25ஆம் தேதி விடியற்காலை 4 மணிக்கு ஆராதனை. அப்பாதான் எல்லாரையும் எழுப்பி, தலையில் தண்ணீரை ஊற்றி, புதுச்சட்டையோடு கூட்டிக்கொண்டு போவாங்க. அங்கே 4 மணி என்றால் இங்கே ஆறரை. அன்றைக்கு எனக்கு வேலை இருக்கு, இரட்டைச் சம்பளம் என்பதால் நானே கேட்டு வாங்கினேன். ஆறரைக்கு லாரியில் இருப்பேன். அம்மா வீடியோ கால் போட்டு ஆராதனையைக் காட்டுவாங்க. லாரியில் சிக்னல் போகும் வரும்.

நம்பிக்கை பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒன்று சொல்கிறேன். தங்குவிடுதியில் சனிக்கிழமை ராத்திரி நாங்கள் சில பேர் கூடிப் பாடுவோம். அப்பா போன புதிதில் என்னால் பாட முடியவில்லை. வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் என்னைப் பாடச் சொல்லவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. அவர்கள் பாட்டுக்குப் பாடினார்கள், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவங்க எனக்கும் சேர்த்து விசுவாசிச்ச மாதிரி இருந்தது. இப்ப கொஞ்சம் பாடுறேன்.

ஈசூன் அண்ணன், நீங்க கேரல்ல பாட முடியலைன்னா சும்மா கூட நில்லுங்க. அது பொய் ஆகாது.

---

பொங்கோல்_அக்கா | டிசம்பர் 13, இரவு 11.20

தம்பி, இரண்டு பக்கம் எழுதினவர்களைவிட நீங்கள் அதிகம் சொல்லிவிட்டீர்கள். அப்பாவுக்காக வருந்துகிறேன்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் | டிசம்பர் 14, காலை 7.05

துவாஸ் தம்பி, "எனக்கும் சேர்த்து" என்றீர்களே, அது என்னை வேறு ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரலாறு கற்பித்தவனின் பழக்கம்.

சாங்கியில் ஸ்டான்லி வாரன் என்று ஒரு பிரிட்டிஷ் போர்க்கைதி இருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபின் ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து பிடிபட்டவர். கடும் வயிற்றுக்கடுப்பு, சிறுநீரகக் கோளாறு. ராபர்ட்ஸ் பாரக்ஸ் என்ற படைமுகாம் கட்டடத்தில் கைதிகளின் மருத்துவமனை இருந்தது. அங்கே கீழே ஒரு சிறிய வழிபாட்டு அறை, புனித லூக்கா பெயரில். ஓவியம் தெரிந்தவர் என்பதால் சுவரில் படம் வரையச் சொன்னார்கள். பெயிண்ட் கிடையாது. சக கைதிகள் எங்கெங்கோ தேடி, உருமறைப்புக்குப் பூசும் பழுப்புப் பெயிண்ட், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் சாக்கட்டி! அதைப் பொடித்துக் கரைத்தார். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவர் கொஞ்சம் வரைவார், அப்புறம் ஓய்வெடுப்பார்.

அவர் முடித்த முதல் படம் இயேசுவின் பிறப்பு. 1942 கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிட்டார்.

அந்தத் தேதியைப் பாருங்கள். போர் இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் நீடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. யார் ஜெயிப்பார்கள் என்றும் தெரியாது. தான் பிழைப்போமா என்றும் தெரியாது. விடுதலைக்கு அப்புறம் நன்றி சொல்லி வரைந்த படம் இல்லை அது. முடிவு தெரியாத நேரத்தில், படுக்கையில் கிடந்தவர்களுக்காக வரைந்தது. மொத்தம் ஐந்து படங்கள். பிற்பாடு சுவர்மேல் வெள்ளை அடித்து மறைத்துவிட்டார்கள். 1958இல் மறுபடி கண்டுபிடித்து, ஆளைத் தேடிப் பிடித்து, புதுப்பிக்க அழைத்தார்கள். அந்த இடத்தை மறுபடியும் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை, ரொம்பத் தயங்கித்தான் வந்தார். அசல் படங்கள் இருப்பது படைமுகாமுக்குள். பொதுமக்களாகிய நாம் சாங்கி தேவாலய அருங்காட்சியகத்தில் நகலைப் பார்க்கலாம்.

தம்பி ஈசூன், சாட்சி என்றால் முடிந்துபோன கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று யார் விதி போட்டார்கள்?

---

பொங்கோல்_அக்கா | டிசம்பர் 14, காலை 8.50

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். அவர் பிழைத்ததால்தான் நமக்கு இந்தக் கதை தெரிகிறது. அதே மருத்துவமனையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே செத்தவர்கள்?

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் | டிசம்பர் 14, காலை 9.30

அவர்களுக்காகத்தான் மகளே வரைந்தார். அவர்கள் பிழைக்கவில்லை என்பதால் படம் பொய்யாகிவிட்டதா? பொய் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வேறுவிதமாக நினைத்தால் அதை மாற்ற எனக்குத் திறமை இல்லை.

சிமியோனை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள், லூக்கா 2. ஆயுசு முழுக்கக் காத்திருந்தவர் கையில் கடைசியில் கிடைத்தது ஒரு கைக்குழந்தை. ரோமர்கள் போகவில்லை, ஏரோது போகவில்லை, ஒன்றும் மாறவில்லை. "இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்" என்கிறார். அடுத்த மூச்சில் மரியாளிடம், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்கிறார். இரண்டையும் ஒரே வாயால் சொன்ன மனிதர். நம் கேரல் பாட்டுகளில் அந்தப் பட்டயத்தைக் காணோம்.

---

பிலிப்பியர்413 | டிசம்பர் 14, பிற்பகல் 1.12

எல்லாரும் என்னை அனனியா ஆக்கிவிட்டீர்கள். பரவாயில்லை. என் பக்கமும் கேளுங்கள்.

2009இல் எனக்கும் வேலை போனது. உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த நேரம். நானும் மனைவியும் தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து கேட்டோம். கிடைத்தது. அது தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். உங்கள் பேச்சில் எனக்கு ஒரு பயம்: "கிடைக்காமலும் போகலாம்" என்று பக்குவமாகப் பேசிப் பேசி, கேட்பதையே விட்டுவிடுவோம். பார்வை கேட்டுக் கத்திய குருடன் பர்திமேயுவை எல்லாரும் அதட்டினார்கள், அவன் இன்னும் சத்தமாகக் கத்தினான். இயேசு அவனிடம் எழுபது வருஷம் பொறு என்று சொல்லவில்லை. மார்ச் என்று தேதி போட்டது வேண்டுமானால் என் ஆர்வம். ஆனால் கேட்பதை நிறுத்தாதீர்கள்.

---

குடில்காரன் | டிசம்பர் 14, பிற்பகல் 2.40

இது நியாயம். எலிசபெத்தும் சகரியாவும் வயதான காலத்திலும் கேட்டதை யாரும் குறை சொல்லவில்லை. கத்திக் கேட்பதும் நம்பிக்கைதான், சங்கீதம் 13 அதைத்தான் செய்கிறது. கேட்டும் கிடைக்காதவரைப் பார்த்து "உன் விசுவாசம் போதவில்லை" என்று சொல்வதோடுதான் எங்கள் சண்டை. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

---

நெறியாளர் | டிசம்பர் 14, மாலை 5.00

இழை நன்றாகப் போகிறது, குறுக்கிட மனமில்லை. ஆனால் படிப்பவர்களுக்காக இரண்டு தகவல்கள்.

வேலை இழந்தவர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளது. முன்பு வாங்கிய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கு, ஆறு மாதங்கள் வரை, மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். வேலை தேடும் முயற்சிகளைக் காட்ட வேண்டும். மற்ற நிபந்தனைகளும் உண்டு, விண்ணப்பிக்குமுன் படித்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ராத்திரி மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இங்கே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

---

பொங்கோல்_அக்கா | டிசம்பர் 15, இரவு 10.02

சிமியோனைப் படித்தேன் ஐயா. கூடவே, அதே அதிகாரத்தில் வரும் அன்னாளையும். ஏழு வருஷம் குடும்பம் நடத்தி, அப்புறம் 84 வயதுவரை விதவை. அவளுக்குப் பிள்ளை இருந்ததாக லூக்கா எழுதவில்லை. அவள் வயிற்றில் யாரும் கைவைத்து ஜெபித்ததாகவும் எழுதவில்லை. நேரே வந்து குழந்தையைப் பற்றி எல்லாரிடமும் பேசுகிறாள். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் இந்த வருஷம் ஞாயிறு பள்ளி நாடகத்துக்கு நான் போகப் போவதில்லை. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். 25ஆம் தேதி காலை ஆராதனைக்குப் போவேன், கடைசி வரிசையில். ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன். நின்று பேச மாட்டேன்.

---

ஈசூன்வாசி | டிசம்பர் 16, இரவு 8.37

எல்லாருக்கும் நன்றி. தினமும் படித்தேன், பதில் எழுதத்தான் வரவில்லை.

அந்தத் திட்டத்தில் எனக்குத் தகுதி இல்லை, சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் அதைத் தேடப்போய் ஒரு வேலை ஆலோசகரைச் சந்திக்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

சபையில் ஆராதனை நடத்துபவருக்குச் செய்தி அனுப்பினேன். 31ஆம் தேதி சாட்சிக்குப் பதிலாக 13ஆம் சங்கீதத்தை வாசிக்கலாமா என்று கேட்டேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குவது. கடைசியில் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வரும். நடுவில் என்ன நடந்தது, பிரச்சினை தீர்ந்ததா என்று தாவீது சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. சம்மதமா சங்கடமா தெரியவில்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அட்டையை மனைவி எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் பத்தாம் வசனத்தை எழுதி ஒட்டியிருக்கிறாள். பிலிப்பியர் பிரதர், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம், 25 மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. இந்த வருஷம் சின்ன அளவில், கோழிப் பிரியாணி மட்டும். துவாஸ் தம்பி, வேலை எத்தனை மணிக்கு முடியும்? ரூம் நண்பரையும் கூட்டிக்கொண்டு வாங்க. மற்றவர்களும் வரலாம். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். சாட்சி கேட்க மாட்டோம், வேலை கிடைத்ததா என்றும் யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

---

துவாஸ்_தூத்துக்குடி | டிசம்பர் 16, இரவு 9.15

ஒரு மணிக்கு முடியும் அண்ணன். குளித்துவிட்டு வர மூணு ஆகும். பரவாயில்லையா?

---

ரேஸ்கோர்ஸ்_ரோடு | டிசம்பர் 16, இரவு 9.21

நான் சைவம். ஆனால் வருகிறேன். அச்சுமுறுக்கு உண்டா?

---

ஈசூன்வாசி | டிசம்பர் 16, இரவு 9.40

மூணு மணியே சரி தம்பி. அச்சுமுறுக்கு மாமியார் சுடுகிறார். சைவத்துக்குத் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் இருக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.